ஆசிரியரின் சொந்தக் கருத்து மாணவரின் நம்பிக்கையாக மாறுவது எப்படி?

வாய்விட்டுச் சொல்லும் கருத்து மட்டுமல்ல, சொல்லாமல் கசியும் கருத்தும் மாணவரிடம் பதியக்கூடும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 17 தொடக்கப்பள்ளி ஆசிரியைகளையும் அவர்களிடம் படித்த பிள்ளைகளையும் ஆராய்ந்தது. கணக்குப் பயம் அதிகமுள்ள ஆசிரியையிடம் படித்த சிறுமிகளிடம், 'கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்பிள்ளைகளுக்கு' என்ற எண்ணம் ஆண்டிறுதியில் கூடுதலாகத் தென்பட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்தத் தொடர்பு இல்லை.

கசியும் வழிகள் மிகச் சிறியவை: கடினமான கேள்வி யாரிடம் போகிறது, யார் பதிலுக்குப் பொறுமை இருக்கிறது, எப்போது முகம் மலர்கிறது. கேள்வி கேட்டபின் எல்லோருக்கும் குறைந்தது 3 விநாடி காத்திருங்கள்.

சர்ச்சைக்குரிய விஷயமென்றால், மாணவர்கள் தங்கள் காரணங்களை எழுதி முடிக்கும்வரை உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லாதீர்கள். முந்திச் சொன்னால் மதிப்பெண்ணுக்காக அதையே திருப்பி எழுதுவார்கள். பிறகு கேட்டால் மறைக்கவும் வேண்டாம். 'இது என் கருத்து, இது ஆதாரம்' என்று பிரித்துச் சொல்லுங்கள்.