கிளிக்கரை எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும்? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டி உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுகிறது. கிளிக்கரையும் (அழுத்தினால் ‘கிளிக்’ என ஒலிக்கும் சிறு பயிற்சிக் கருவி), அதன் பின் தரும் தீனியையும் ஒரு முறைகூடத் தவறவிடுவதில்லை. பிழை எங்கே?

பதில்: பெரும்பாலும் கிளிக்கரை அழுத்தும் கணத்தில்தான். குட்டியின் பின்புறம் தரையைத் தொட்டதைக் கண்டு, அது உட்கார்ந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு நீங்கள் அழுத்துவதற்குள் அது எழத் தொடங்கியிருக்கும். அந்த ஒலி கேட்கும்போது உடல் என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதற்கே பரிசு என்று நாய் கற்றுக்கொள்வதால், நீங்கள் அறியாமலே எழுவதற்குப் பயிற்சி தருகிறீர்கள். கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும்; ஆகவே பின்னங்கால்கள் மடியத் தொடங்கும்போதே விரலை ஆயத்தமாக்கி, தரையைத் தொடும் கணத்தில் அழுத்துங்கள். ஒலி கேட்ட பின் குட்டி எழுந்தால் அது பிழையன்று.

கேள்வி: பையிலிருந்து தீனியை எடுக்கத் தாமதமாகிறதே, அது கெடுதலா?

பதில்: இரண்டு மூன்று நொடி தாமதித்தாலும் பெரிய கேடில்லை, ஒலிதான் தாமதிக்கக் கூடாது. பரிசு ஒரு நொடி பிந்தினாலே அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல் எழுதினார்; அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த ஒலி. துள்ளி அந்தரத்தில் இருக்கும் டால்பினின் வாயில் மீனைக் கொடுக்க முடியாது, ஆனால் அந்தக் கணத்தில் விசில் ஊத முடியும். டால்பின்களை அவ்வாறு பழக்கிய கேரன் பிரையர் போன்றோரின் முயற்சியால்தான் இம்முறை 1990களில் நாய் வளர்ப்போரிடையே பரவியது. ஒலிக்குப் பின் தீனி தவறாமல் வரும் என்று நாய் நம்பும் வரையில், அந்தச் சிறு இடைவெளியை ஒலியே தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: அழுத்தும்போதே என் மற்றொரு கை பைக்குள் போய்விடுகிறது.

பதில்: இதைக் கட்டாயம் திருத்துங்கள். நாய் ஒலியை விட்டுவிட்டுக் கையையே கவனிக்கத் தொடங்கும். முதலில் ஒலி, அதன் பிறகே கை அசைய வேண்டும்.

கேள்வி: தவறான கணத்தில் அழுத்திவிட்டால் தீனியை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், கொடுத்துவிடுங்கள். ஒரு தவறான ஒலியால் பயிற்சி கெடாது. ஒலிக்குப் பின் தீனி வராமல் போனால் ஒலியின் மீதுள்ள நம்பிக்கை குறையும்.

கேள்வி: என் கைப்பழக்கத்தைச் சீராக்க வழி உண்டா?

பதில்: உண்டு, முதலில் நாய் இல்லாமல் பழகுங்கள், ஏனெனில் உங்கள் தடுமாற்றத்தை அது சுமக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவரை டென்னிஸ் பந்தைத் தரையில் தட்டச் சொல்லி, பந்து தரையைத் தொடும் கணத்தில் அழுத்துங்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கேட்கும் அளவுக்குத் தேறியதும், மேலே எறியப்பட்ட பந்து உச்சியை எட்டும் கணத்தில் அழுத்திப் பாருங்கள். அங்கே காதின் துணை கிடையாது என்பதால் இது கடினமானது. பிறகு நாயுடன் பயிற்சி செய்வதைக் கைப்பேசியில் படமெடுத்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால், ஒலி எழும்போது நாயின் கால்கள் எங்கே இருந்தன என்பது தெளிவாகத் தெரியும்.