கை நரம்பு எல்லோருக்கும் ஒரே வழியில்தான் ஓடுமா?

கேள்வி: ராத்திரியில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. நரம்பு டெஸ்ட் எடுத்தேன். கார்பல் டனல் என்று எழுதி, அதற்குக் கீழே ‘மார்ட்டின் குரூபர் இணைப்பு உள்ளது’ என்றும் போட்டிருக்கிறார்கள். என் நரம்பு தப்பான வழியில் ஓடுகிறதா? அதற்கும் ஆபரேஷன் வேண்டுமா?

பயப்படாதீர்கள். முன்கையில் இரண்டு நரம்புகளைச் சேர்க்கும் அந்த இணைப்பு நோயே கிடையாது. பிறக்கும்போதே உங்கள் கையில் இருந்தது. இந்த டெஸ்ட் எடுக்காமல் விட்டிருந்தால் ஆயுசு முழுக்க உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. விரல் மரத்துப்போவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மணிக்கட்டில் மீடியன் என்ற நரம்பு நெருக்கப்படுவதுதான் கார்பல் டனல், மரத்துப்போவது அதனால்தான்.

காவிரி டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதையும் நம் ஊரில் நரம்பு என்போம். அது ரத்தக் குழாய். மணிக்கட்டில் கயிறு மாதிரி எழும்பி நிற்பதையும் நரம்பு என்போம். அது தசையை எலும்போடு கட்டும் நாண். முழங்கையின் உள்பக்கத்தைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிறதே, அங்கே அடிபடுவதுதான் நான் சொல்லும் நரம்பு. அதன் பெயர் அல்னார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த ஐந்து பாலங்கள் தெரியும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. கைக்கும் கழுத்திலிருந்து ஐந்து வேர்கள் இறங்குகின்றன. கழுத்து நரம்புகளில் 5, 6, 7, 8, அதோடு மார்பின் முதல் நரம்பு. ஐந்தும் சேர்ந்து மூன்றாகும், மூன்றும் பிரிந்து ஆறாகும், ஆறும் கூடி மறுபடி மூன்றாகும், அக்குளுக்கு வரும்போது ஐந்து பெரிய நரம்புகளாகப் பிரியும். இத்தனை தடவை கூடிப் பிரிகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைந்தால்தான் ஆச்சரியம். கருவின் நான்காவது வாரத்தில் கை ஒரு சின்ன மொட்டாக எட்டிப் பார்க்கிறது. நரம்பு இழைகள் அதற்குள் வழி தேடிக்கொண்டே வளர்கின்றன. ஒரு கட்டு இழைகள் சற்று முன்னாலோ பின்னாலோ பிரிந்தால் போதும், கடைசி வரைக்கும் அந்தத் தடம் அப்படியே நிலைத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். உண்மையில் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு மேஜையில் இறந்துபோன ஒரு பெரியவரின் உடல், சுற்றி எட்டு மாணவர்கள். மஸ்குலோகூட்டேனியஸ் என்று ஒரு நரம்பு உண்டு. மேற்கையின் முன்பக்கத் தசைகளுக்கு, அதாவது கையை மடக்கும் தசைகளுக்கு, அதுதான் போகும். தோளருகே கோரகோபிராக்கியாலிஸ் என்ற தசையைத் துளைத்துக்கொண்டு போவதால் கண்டுபிடிப்பது சுலபம். அந்த இடது கையில் அது இல்லை. “வெட்டிட்டு, இல்லைன்னு சொல்றீங்களா?” என்று கத்திவிட்டேன். ஒரு பெண் மட்டும் தைரியமாக, “இல்ல மேடம், அந்த எடத்துல நாங்க கத்தியே வைக்கல” என்றாள். நான் நம்பவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மனசு கேட்கவில்லை. ஃபோர்செப்ஸை எடுத்துக்கொண்டு மீடியன் நரம்பை அக்குளிலிருந்து பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பைசெப்ஸ் தசைக்கு ஒரு கிளை. கொஞ்சம் கீழே அடுத்த தசைக்கு இன்னொன்று. முன்கையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் கிளையும் அதிலிருந்தே வந்தது. இல்லாத நரம்பின் வேலை முழுவதையும் பக்கத்து நரம்பு எடுத்துக்கொண்டிருந்தது. வலது கையில் எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தது. அந்தப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரே மாதிரி காய்ப்பு. மண்வெட்டி பிடித்த கைகள். இடது கை நரம்பு வேறு வழியில் ஓடியது அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. மறுநாள் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கையை மேஜை நடுவில் வைத்து, மற்ற மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன்கையில் மீடியனும் அல்னாரும் தனித்தனியாக ஓடுகின்றன. விரல்களை விரிப்பது, சேர்ப்பது போன்ற நுட்பமான வேலைகளைச் செய்யும் உள்ளங்கைத் தசைகளில் பெரும்பாலானவை அல்னாரின் பொறுப்பு. சிலருக்கு அந்தத் தசைகளுக்கான இழைகளில் கொஞ்சம் மீடியனோடு இறங்கி, முன்கையில் ஒரு குறுக்கு வாய்க்கால் வழியாக அல்னாருக்குத் தாவிவிடும். ஸ்வீடன் நாட்டு மார்ட்டின் இதை 1763இல் எழுதினார். குரூபர் 1870இல் விரிவாக விவரித்தார். அபூர்வமானதும் இல்லை, ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உள்ளங்கைக்குள்ளேயே இந்த இரண்டு நரம்புகளையும் சேர்க்கும் வேறொரு இணைப்பும் சிலருக்கு உண்டு.

இது எங்கே முக்கியமாகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். 2018இல் கஜா புயலுக்கு மறுநாள், பேராவூரணிப் பக்கம் தோப்பில் சரிந்து கிடந்த தகரத்தைத் தூக்கும்போது என் அத்தை மகனுக்கு முழங்கையின் உள்பக்கம் ஆழமாகக் கிழித்துவிட்டது. “விரலெல்லாம் விரியுது, நரம்பு தப்பிச்சிருச்சு” என்று சொல்லித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். போனில் நான், “சுண்டுவிரல்ல பஞ்சால தடவிப் பாரு” என்றேன். “ஒண்ணுமே தெரியலக்கா” என்றான். நுனியை மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. உடனே கை அறுவை நிபுணரிடம் போகச் சொன்னேன். திறந்து பார்த்தபோது அல்னார் முழுசாகவே அறுந்திருந்தது. விரல் விரிந்ததற்குக் காரணம் காயத்துக்குக் கீழே வந்து சேர்ந்த அந்தக் குறுக்கு வாய்க்கால்தான். எங்கள் பக்கத்தில் மேல் மதகு அடைபட்டும் கடைமடை வயலில் ஈரம் இருந்தால், பக்கத்து வாய்க்காலிலிருந்து எங்கே கசிகிறது என்று போய்ப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை இங்கேயும் வேண்டும். இந்த இணைப்பு தசைக்கான இழைகளைத்தான் கொண்டுபோகிறது, உணர்ச்சியை அநேகமாகக் கொண்டுபோவதில்லை. அதனால்தான் அசைவு இருந்தும் உணர்ச்சி போயிருந்தது. உங்கள் விரல் மரத்துப்போவதற்கு இது காரணமாகாது என்று நான் சொல்வதும் அதனால்தான்.

டெஸ்ட்டிலும் இது ஏமாற்றும். அல்னாரை மின்சாரத்தால் மணிக்கட்டில் தூண்டினால் தசையில் எழும் அலை பெரிதாக வரும், முழங்கையில் தூண்டினால் சிறிதாக வரும். இணைப்பை நினைத்துப் பார்க்காதவர், நடுவில் நரம்பு அடைபட்டிருக்கிறது என்று எழுதிவிடுவார். கார்பல் டனலும் கூட இருந்தால், முன்கையில் மீடியன் வழியாக சிக்னல் ஓடும் வேகம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும், ஏனென்றால் சில இழைகள் மணிக்கட்டின் நெருக்கடிக்குள் போகாமலே விரலுக்குப் போய்விடுகின்றன. முழங்கையில் மீடியனைத் தூண்டி, அல்னார் தசையில் அலை எழுகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியை எழுதியவர் பொறுப்பாக வேலை செய்திருக்கிறார்.

ஆகவே வைத்தியம் கார்பல் டனலுக்கு மட்டும்தான். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் என்றே ஆனாலும் மணிக்கட்டுக்குள் நரம்பை நெருக்கும் தசைநாரைத்தான் வெட்டுவார்கள். முன்கையில் இருக்கும் இணைப்பைத் தொடவே மாட்டார்கள்.

ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் எப்போது அடிபட்டாலும், யார் வைத்தியம் பார்த்தாலும், முதலில் அதைக் காட்டுங்கள். இடது கைக்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று தோன்றும். ஒரு கையில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் இருப்பது சகஜம். அங்கே தொந்தரவு இல்லையென்றால் தேவையில்லை.