பாகனினி ராப்சடியில் டீஸ் ஈரே எங்கே வருகிறது?

இறந்தோருக்கான பழைய லத்தீன் பாட்டான டீஸ் ஈரே, லிஸ்ட் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய டோட்டன்டான்ஸில் பளிச்சென்று கேட்கிறது, பாகனினியின் மெட்டு ஒன்றை வைத்து ராக்மானினாவ் எழுதிய பாகனினி ராப்சடியில் (1934) மட்டும் பிடிபடவே இல்லை என்கிறீர்கள். லிஸ்ட் அதைத் தொடக்கத்திலேயே டிராம்போன்களிடம் கொடுத்துவிடுகிறார், அப்புறம் தப்பவே முடியாது.

ராப்சடியில் நேராக 7-ஆம் வேரியேஷனுக்கு (அந்த மெட்டின் ஏழாவது மாற்று வடிவத்துக்கு) போங்கள். வேகம் குறையும். செல்லோவும் பசூனும் பாகனினி மெட்டை மெதுவாக இழுக்கும், காது அங்கே ஓடிவிடும். அதை விட்டுவிட்டு பியானோவில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளின் (கார்டு) மேல் சுரத்தை மட்டும் பிடியுங்கள்: சி, பி, சி, ஏ. அரைச்சுரம் இறங்கி, ஏறி, மறுபடி ஒன்றரைச் சுரம் இறங்கும். இறந்தோர் திருப்பலியில் பாடிய அந்த இடைக்கால லத்தீன் பாட்டின் தொடக்கம் இதுதான். எவ்வளவு நிதானமாக வருகிறது பாருங்கள்! எனக்கு லிஸ்ட்டின் இடியைவிட இதுதான் அதிகம் நடுக்கம் தருகிறது.

10-ஆம் வேரியேஷனிலும், கடைசியான 24-ஆம் வேரியேஷனில் பித்தளை வாத்தியங்களிலும் டீஸ் ஈரே மறுபடி வரும்.