பையனைக் கேட்டால்தான் தெரியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன. பத்து நாளுக்கு முன் சந்தையில் ஐந்து மாத வெடைக்கோழி (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) இரண்டும், நாற்பது நாள் குஞ்சு மூன்றும் வாங்கி வந்தோம். இருட்டிய பிறகு கூட்டில் விட்டால் பழைய கோழிகளுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள். அன்று ராத்திரியே விட்டோம். ஒரு குஞ்சு செத்துவிட்டது. இன்னொன்றுக்கு உச்சந்தலைத் தோல் உரிந்திருக்கிறது. கருப்பி என்கிற பழைய கோழிதான் எல்லாவற்றையும் துரத்துகிறது. புதுசுகள் சரியாகத் தின்கின்றனவா என்று பையனைக் கேட்டால்தான் தெரியும். ஆறாம் வகுப்பு படிக்கிறான், பொறுப்பு வரட்டும் என்று கோழி வேலையை அவனிடம் விட்டிருக்கிறோம். குஞ்சு செத்ததிலிருந்து கூட்டுப் பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். இவை எத்தனை நாளில் பழகும்? கருப்பியை விற்றுவிடலாமா?

வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எத்தனை நாளில் பழகும் என்பது இருக்கட்டும். அந்தக் குஞ்சு எதனால் செத்தது? கொத்துப்பட்டா, பட்டினியிலா, கழிச்சலிலா? கடிதத்தில் இல்லை. ‘பையனைக் கேட்டால்தான் தெரியும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எப்படி இருக்கும்?

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொறுப்பு வரவேண்டுமா, முட்டை எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒன்றுசேர்ப்பது பெரியவர்கள் வேலை. அதில் உயிர் போகும். உங்கள் வீட்டில் போயும்விட்டது. அவன் அடம்பிடிப்பதாக நான் நினைக்கவில்லை. தன்னால்தான் செத்தது என்று அந்தப் பிள்ளை மனசுக்குள் வைத்திருப்பான். சந்தையில் பொறுக்கியதும் அன்றைக்கே கூட்டில் விட்டதும் பெரியவர்களான நீங்கள். அதை இன்று சாயங்காலம் அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை முன்னால் தப்பை ஒத்துக்கொண்டால் பெற்றவர்களுக்கு மரியாதை போய்விடும் என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை.

ராத்திரியில் விடுகிற யோசனையும் பாதிதான் சரி. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அதனால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் வந்ததும் கொண்டையையும் முகத்தையும் பார்த்து இது நம் கூட்டத்துக் கோழி இல்லை என்று கண்டுகொள்ளும். ஆறு மணிக்கு விடிகிறது, பையன் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏழரைக்குத் திறக்கிறான் என்றால், ஒன்றரை மணி நேரம் ஓட இடமில்லாத கூட்டில் அந்தக் குஞ்சுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. உச்சந்தலை உரிவது பெரும்பாலும் அப்போதுதான். இனி விடியும்போது கூட்டைத் திறப்பதும், அரை மணி நேரம் அங்கேயே நிற்பதும் உங்கள் வேலை, இல்லையென்றால் உங்கள் வீட்டுக்காரர் வேலை.

புதுசுகளில் மிச்சமிருக்கும் நான்கையும் இன்றைக்கே பழையவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள். காயம்பட்ட குஞ்சைத் தனியே வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ரத்தச் சிவப்பு கண்ணில் பட்டால் கூடப்பிறந்த குஞ்சே கொத்தும். தோல் மூடும்வரை மற்றவற்றோடு விடாதீர்கள்.

தின்றதா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அடையும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே மார்புக்கு மேலே தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். தின்ற கோழிக்கு அது பந்துபோல் திரண்டிருக்கும். தட்டையாக இருந்தால் அன்றைக்குப் பட்டினி. அப்படியே எச்சத்தையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்துத் திருகினால் வெள்ளைக்கழிச்சல். ரத்தம் கலந்து கழிந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கினால் ரத்தக்கழிச்சல். பெரிய கோழிகள் தாங்கிக்கொள்ளும் அந்தக் கிருமி, அவற்றின் எச்சம் கிடக்கும் தரையில் மேயும் குஞ்சுகளைச் சாய்த்துவிடும். எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நோய் கண்ட கூட்டத்துக்கு நீங்களாகத் தடுப்பூசி மருந்து வாங்கிப் போடாதீர்கள். அது நல்ல நிலையில் இருக்கும் கோழிக்கு முன்கூட்டியே போடுவது.

சந்தைக் கோழியை மூன்று வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், தள்ளி வேறு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தொற்றி வெளியே தெரியவே இரண்டு வாரம் வரை ஆகலாம். நீங்கள் பத்து நாள் கலந்துவிட்டதால் இப்போது பழையவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு எதையும் விற்காதீர்கள், சொந்தக்காரர்களுக்கும் கொடுக்காதீர்கள். ஆக, கருப்பி இப்போதைக்கு எங்கும் போகப் போவதில்லை.

மூன்று வாரமும் நோயில்லாமல் கழிந்தால் வெடைகள் இரண்டையும் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் பழையவற்றை அந்தப் பக்கமும் வைத்துப் பத்து நாள் ஒன்றையொன்று பார்க்கவிடுங்கள். வலையின் இரண்டு பக்கமும் தீனியை வலையை ஒட்டியே வையுங்கள், எதிரெதிரே தின்னட்டும். பிறகு இரண்டையும் சேர்த்தே விடவேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் அத்தனை கோழியின் கொத்தும் அது ஒன்றின் மேலேயே விழும். முதலில் திறந்தவெளியில், மேய்ச்சல் நேரத்தில், கூட்டுக்குள் அல்ல. தீனித் தட்டு மூன்று, தண்ணீர்ச் சட்டி இரண்டு, ஒரு தட்டிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வையுங்கள். இல்லையென்றால் கருப்பி ஒருத்தியே எல்லாவற்றையும் காவல் காப்பாள். பரணில் ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் வேண்டும். இரண்டொரு கொத்து, கொஞ்சம் துரத்தல் இருக்கும். அதில் குறுக்கே போகாதீர்கள். ரத்தம் வந்தாலோ, ஒன்றை மூலையில் அமுக்கி விடாமல் கொத்தினாலோ உடனே பிரியுங்கள்.

குஞ்சுகள் கதை வேறு. நாட்டுக்கோழி மெதுவாக வளரும், அதனால் வயதைக் கணக்கிடாதீர்கள், உருவத்தைப் பாருங்கள். பெரிய கோழியில் முக்கால்வாசி ஆகும்வரை, அதாவது மூன்றரை நான்கு மாதம் வரை, தனிக்கூடுதான். பகலில் முற்றத்தில் பஞ்சாரத்தை, அதாவது கோழி மூடும் பின்னல் கூடையை, கவிழ்த்து அதற்குள் வையுங்கள். பெரியவை சுற்றி மேயும், பார்க்கும், தொட முடியாது. பஞ்சாரத்துச் சந்தில் குஞ்சு தலையை நீட்ட முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டினால் வெளியே நிற்கும் கோழி கொத்தும். அடைக்கோழியிடம் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓரிரண்டு நாள் குஞ்சை ராத்திரியில் அதன் வயிற்றுக்கடியில் தள்ளினால் ஏற்கும். நாற்பது நாள் குஞ்சை ஏற்காது.

கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து நான்கு சதவீதத்தை ஒட்டி இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாம் ஒன்றாக மேயும் காலம் வந்ததும் வளரும் கோழித் தீவனத்தையே பொதுவாக வைத்து, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டியது கொத்திக்கொள்ளும்.

கருப்பியை விற்றால் அடுத்த கோழி அந்த இடத்துக்கு வரும், அவ்வளவுதான். வெடைகளைச் சேர்க்கும் அன்று அவளைப் பிடித்து, மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் நான்கு நாள் அடையுங்கள். தீனி, தண்ணீர் குறைக்க வேண்டாம். திரும்பி வரும்போது அவளும் புதுசு மாதிரிதான், இடத்தைத் திரும்பப் பிடிப்பதிலேயே நேரம் போய்விடும். அவளைக் கொண்டுவிடும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டை நீங்கள் திறங்கள். அவன் பக்கத்தில் நிற்கட்டும்.