அளவு கேட்டால் அம்மா சிரிக்கிறார்

அன்புள்ள அக்கா,

நான் பிறந்தது வாழப்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஊர், இப்போது சேலம் டவுனில் இருக்கிறோம். ஊரில் வசதி ஒன்றும் கிடையாது, ஆனால் பொழுது சாய்ந்ததும் அடுப்படியில் எல்லோரும் உட்கார்ந்து சூடான ராகிக் களியில் குழி பறித்துக் கீரைக் கடைசல் ஊற்றிச் சாப்பிட்ட அந்த எளிமையும் நிம்மதியும் இன்றைக்கு இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் களி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டு எழுதி வைக்கலாம் என்றால், "அதுக்கெல்லாம் ஏது அளவு, கைப்பக்குவந்தான்" என்று சிரிக்கிறார். மகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு ஏக்கம் கலந்து கிடக்கிறது. அந்த ஊர் வேண்டும் என்பது ஒன்று, அம்மாவின் சமையல் வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது இருக்கிறது, அம்மா திடமாக இருக்கும் இப்போதே செய்தால்.

எளிமை என்கிறீர்கள். உட்கார்ந்து சாப்பிட்ட நமக்கு எளிமை. சேர்வராயன் மலை ஊர்களில் சாமை போடுவார்களே, அதை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாமல் மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் தனி. மில்லும் ரேஷன் அரிசியும் வந்தபோது அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தது நியாயந்தான். கீழே சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் வந்தன, மரவள்ளி கையில் காசு கொடுத்தது, ராகி போட்ட நிலத்திலும் மரவள்ளி ஏறியது. அதனால் மிக்சியில் அரைத்தால் ருசி போச்சு என்ற பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அளவுக்கு வருவோம். அடுத்த முறை ஊருக்குப் போனால் அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் மாவை அள்ளிச் சட்டியில் போடும் முன் அதை உங்கள் டம்ளரில் வாங்கி அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், தண்ணீரையும் அப்படியே. பொதுவாக ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு, இரண்டரை டம்ளர் தண்ணீர் பிடிக்கும், மாவுக்கு மாவு மாறும். முதலில் அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். கொட்டியதும் கிளறக் கூடாது. களி கிண்டும் துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, தீயைத் தணித்து மூடிவிட்டால், அந்தக் குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவு உள்ளுக்குள் வேகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கட்டி தட்டும், பச்சை வாசம் நிற்கும், அந்தக் களியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கத்தான் செய்யும். அப்புறம் இறக்கி வைத்து மூச்சுப் பிடித்துக் கிண்டுவார் பாருங்கள், அப்போது கண்ணை எடுக்காதீர்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பக்குவம். பிள்ளைகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். மகன் இருந்தால் அவன் கையிலும் துடுப்பைக் கொடுங்கள் கண்ணு. பெண்பிள்ளை தலையில் மட்டும் கட்டியதால்தான் இவ்வளவு சமையலும் ஒரு தலைமுறையிலேயே அறுந்துபோகிற நிலைக்கு வந்தது.

களியைவிட எனக்குப் பெரிய கவலை அந்தக் கடைசலுக்குப் போட்ட கீரைதான். ராகி மாவு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. மழைக்கு அப்புறம் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் களையிலிருந்து பிரித்துப் பறிக்கத் தெரிந்தவர்கள் அம்மா வயதுக்காரர்கள்தான், களைக்கொல்லி அடித்த காட்டில் கீரையும் சேர்ந்தே போய்விடுகிறது. ஐப்பசி மழை விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்து அடிக்காத காடாகப் பார்த்து அம்மாவை முன்னால் நடக்கவிடுங்கள், அவர் காட்டும் ஒவ்வொரு கீரையையும் படம் எடுத்துப் பெயரையும், கடையவா பொரிக்கவா என்பதையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.