இளைத்த கல்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மார்க்கெட்டிங்தான் என் பாடம். வியாபாரிகளைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் அடியில் ஒரு கசப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காலம் மாறிவிட்டது ஐயா. இன்றைய நுகர்வோர் விழிப்பானவர்கள். அறத்தோடு தொழில் செய்வது இன்று தியாகம் இல்லை, அதுதான் போட்டியில் ஜெயிக்கச் சிறந்த உத்தி. நம் கடலூரில் தொடங்கிய சாஷே ஷாம்பூவையே பாருங்கள். ஏழைக்கும் பொருள் கிடைத்தது, கம்பெனியும் வளர்ந்தது.

இந்தத் தெளிவு எனக்குக் கூட்டுக் கற்றலால் வந்தது. எங்கள் குழுவில் ஐந்து பேர். யாரும் யாரையும் விமர்சிக்கக் கூடாது என்று முதல் நாளே விதி வைத்துக்கொண்டோம். இரண்டு வருடத்தில் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

ஒரு கேள்வி. குழந்தைகளுக்கான சத்துபானம் விற்கும் ஒரு நிறுவனம் கேம்பஸ் தேர்வில் என்னை எடுத்திருக்கிறது. நல்ல சம்பளம். வீட்டில் கல்விக்கடன் இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரங்கள் எனக்கு உறுத்துகின்றன. உள்ளே போய் மாற்ற முயல்வது சரியா, விலகி நிற்பது சரியா?

ம., கோவை

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலையில்தான் ஒரு இனிப்புக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். கால் கிலோ மைசூர்பாகு கேட்டேன். பையன் அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள்ளேயே இனிப்பை அடுக்கி, 250 வந்ததும் மூடிவிட்டான். "பெட்டியைக் கழிச்சுப் போடு தம்பி" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் சார் வாங்குறாங்க" என்றான். காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். 52 கிராம். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் "விடுங்க சார், ரெண்டு துண்டுக்காகவா?" என்றார்.

அந்த இரண்டு துண்டைத்தான் வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் பதில் நீங்கள் கேட்ட வரிசையில் வராது.

முதலில் சிலவற்றை ஒதுக்கிவிடுகிறேன். சாஷே பற்றி எனக்குச் சண்டை இல்லை. பல ஷாம்பூக்களில் மில்லிக்குக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு. குப்பை வேறு பிரச்சினை, அதை இன்னொரு நாள் பேசலாம். நுகர்வோர் விழிப்பாகிவிட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டுமென்று இப்போது விதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாங்குகிற ஒருவரை உங்கள் வீட்டில் காட்டுங்கள். கசப்பைப் பற்றி என்றால், நான் மளிகைக்கடைக்காரர் மகன். வியாபாரிகள்மேல் எனக்கு இருப்பது கசப்பு இல்லை அம்மா, உரிமை.

அப்பாவின் கடை சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஒரு சிற்றூரில் இருந்தது. பழைய பேப்பரை வெட்டிப் பசை தடவி ஒட்டிய பைகளில்தான் அன்று சீனியும் பருப்பும் போவது. சரக்குத் தட்டில் பையை வைத்தால், கல் தட்டிலும் அதே அளவில் ஒரு காலிப் பையை அப்பா வைப்பார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காலிப் பை தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். கூட்ட நேரத்தில் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன், இத்தனூண்டு பேப்பருக்கு இது எதுக்கு என்று. "பேப்பர் கிலோ என்ன விலை, சீனி கிலோ என்ன விலை?" என்று மட்டும் கேட்டார்.

கனமான பை கொண்டுவந்து விற்பவர்கள் இருந்தார்கள். தடித்த தாள், அள்ளிப் பூசிய பசை. சீனி விலைக்குப் பேப்பரை விற்கலாம் என்பதுதான் அந்தப் பையின் முழு ரகசியமும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய பை 15 கிராம் என்று வையுங்கள். ஒரு கிலோ சீனி வாங்குகிறவருக்கு நூற்றில் ஒன்றரை போகிறது. சின்னப் பை 5 கிராம். அதில் 50 கிராம் வாங்குகிறவருக்கு நூற்றில் பத்து போகிறது. ஒரு கிலோவை மொத்தமாக வாங்க முடியாமல் ஐம்பது ஐம்பதாக இருபது தடவை வாங்குகிற பெண், ஒரு கிலோவுக்கு 100 கிராம் பேப்பரைச் சீனி விலையில் வாங்குகிறாள். அதே கடை, அதே தராசு, அதே சீனி. கையில் காசு குறையக் குறையப் பேப்பர் கூடுகிறது. என் மைசூர்பாகுப் பெட்டியும் அதுதான். கிலோவுக்கான பெட்டி 100 கிராம் என்றால் பத்தில் ஒரு பங்கு. கால் கிலோவுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பிள்ளை பரீட்சையில் தேறியதற்காகக் கால் கிலோ வாங்கிப் போகிறவர் கிலோக்கணக்கில் வாங்குகிறவரைவிட இரண்டு மடங்கு அட்டைக்குக் காசு கொடுக்கிறார். நிகர எடைக்குத்தான் விலை வாங்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் "ரெண்டு துண்டுக்காகவா?" என்று கேட்பவர் எப்போதும் வாங்குகிறவர் பக்கம்தான் நிற்கிறார். அதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, கூட்டுக் கற்றலுக்கு வருகிறேன். உங்களைத் திட்டத்தான் போகிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின ராத்திரி எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. பூஜையில் வைப்பதற்காகத் தராசுத் தட்டைப் புளி போட்டுத் தேய்ப்போம், கற்களைத் துடைப்போம். அப்படித் துடைத்த கற்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு தெருவின் மூன்று மளிகைக்கடைக்காரர்களும் ஒரு கடையில் கூடுவார்கள். முக்குக்கடை அண்ணாச்சி, எதிர்க்கடை பாய், என் அப்பா. பகலெல்லாம் ஒருவர் வாடிக்கையை ஒருவர் இழுப்பவர்கள். ராத்திரி ஒரே தராசில் மூவரின் கற்களையும் ஒத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. அவரவர் கல்லை அவரவர் நிறுக்கக் கூடாது. மற்ற இருவரும்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். கல்லுக்கு உடையவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எனக்கு 13 வயது இருக்கும்போது ஒரு வருடம் அப்பாவின் 200 கிராம் கல் தட்டில் ஏறியது. முள் நடுவில் நிற்கவில்லை. பாய் கல்லை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். மறுபடியும் அதே. "அண்ணாச்சி, உங்க எரநூறு எளைச்சிருக்கு" என்றார், சாவு வீட்டில் பேசுகிற குரலில். அப்பா கல்லை வாங்கித் திருப்பினார். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயத்தை ஊற்றி அதன்மேல்தான் அரசாங்க முத்திரை குத்துவார்கள். ஈயத்தில் ஒரு பக்கம் பெயர்ந்து போயிருந்தது. முத்திரை பாதிதான் இருந்தது. சின்னக் கற்களைப் போட்டு நிறுத்தார்கள். 4 கிராம் குறைவு. 200-க்கு 4.

பேப்பருக்குக்கூட எதிர்த் தட்டில் காலிப் பை வைத்த மனிதர் என் அப்பா. அவர் கையாலேயே எத்தனை மாதமோ குறைத்துப் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் அவர் கல்லை அவர் அதே கல்லால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எரநூறு கணக்கில் வாங்குகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரலை மடக்கினார். எல்லாம் சனிக்கிழமை கூலி வாங்கும் தீப்பெட்டி ஆபீஸ் வீடுகள். மறுநாளிலிருந்து அவர்கள் வரும்போது பையை நிறுத்துவிட்டு மேலே ஒரு கைப்பிடி போட்டார், காரணத்தையும் சொன்னார். அம்மா அழாத குறை. "பேசாம ரெண்டு பருப்புக் கூடப் போட்டு விடுங்களேன், ஊருக்கெல்லாம் தண்டோராப் போடணுமா?" என்றாள். அப்பா சொன்னார்: "சொல்லாமப் போட்டா அது தானமாப் போயிரும். அவங்க பருப்பு அது."

ஒரு அக்கா கடை வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினார். அடுத்த வாரத்திலிருந்து பாய் கடைக்குப் போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. நேர்மை சிறந்த உத்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அக்காவை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? அன்று அப்பாவுக்கு நஷ்டம். அவர் செய்தது சரி. லாபம் வருவதால்தான் ஒன்று சரி என்று கற்றுக்கொண்டால், நஷ்டம் வருகிற அன்று கையில் பிடித்துக்கொள்ள உங்களிடம் எதுவுமே இருக்காது. என் மகள் வயதுதான் உங்களுக்கு. அந்த வாக்கியத்தை நீங்கள் நம்பி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிவதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது உங்கள் குழுவின் விதி. யாரும் யாரையும் விமர்சிக்கக் கூடாது! ஐந்து பேரும் கற்களைச் சாக்கோடு கொண்டுவந்து, அவிழ்க்காமலே "உங்க கல் அருமை" என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் காப்பி குடித்திருக்கிறீர்கள். சண்டை வராததைப் பெருமையாக எழுதுகிறீர்கள். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட இன்னொருவரின் வேலையில் குறை தெரியவில்லையா? தெரிந்தது, சொல்லவில்லை. அதற்குக் கற்றல் என்று பெயர் வைக்காதீர்கள். பாய் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் சொன்னது என் அப்பாவுக்குச் செய்த மரியாதை.

கூட்டாகக் கற்பதும் நேர்மையாக விற்பதும் ஒரே கூரையின்கீழ் நடந்த இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊர். மாவில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து விற்ற காலம். 28 பேர் வாரத்துக்குச் சில பென்னிகளாகச் சேர்த்து, 28 பவுண்டு முதலோடு, 1844 டிசம்பர் 21 அன்று தோட் லேன் என்ற சந்தில் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. சரக்கு அவ்வளவுதான். கலப்படம் கிடையாது, குறைஎடை கிடையாது, கடனும் கிடையாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, பெண்களுக்கும் சேர்த்து. வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. கூட்டுறவுச் சங்கம் பற்றிய பாடத்தில் இந்த அளவுக்கு உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. மிச்சப்பட்ட பணத்தில் நூற்றுக்கு இரண்டரையைப் படிப்புக்கு என்று ஒதுக்கினார்கள். பத்திரிகை படிக்கும் அறையும் நூலகமும் வைத்தார்கள். மாவு விற்கிறவர்களுக்கு நூலகம் எதற்கு? படிகாரம் போட்ட மாவில் சுட்ட ரொட்டி வெள்ளைவெளேர் என்று இருக்கும். அந்த வெண்மைக்குப் பழகிய கண்ணுக்குச் சுத்தமான மாவு மட்டமாகத் தெரியும். வாங்குகிறவனும் கற்றால்தான் நல்ல மாவு விற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை உறுப்பினர்கள் முன்னால் வைத்தார்கள். மாவு வாங்கும் நெசவாளி எழுந்து நின்று கேட்கலாம். கேட்கிறவன் வாடிக்கையாளன், பதில் சொல்கிறவனும் வாடிக்கையாளன். ராச்டேலின் அந்த வழியைப் பார்த்துத்தான் 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். டி.யு.சி.எஸ். என்று இன்றும் இருக்கிறது. சென்னை போனால் ஒரு கிளையில் நுழைந்து ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குங்கள். பழைய காலத்து யோசனை என்று நீங்கள் நினைப்பது இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் உள்ள வீட்டுப் பெண்ணிடம் விலகி நில் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சேர்வதென்றால் சேருங்கள். மாற்றப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போங்கள். 2024 ஏப்ரலில் அரசு இணையக் கடைகளிடம் ஒன்று சொன்னது, படித்திருப்பீர்கள். இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பகுதியில் வைக்காதீர்கள், 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்று. சட்டத்தில் இல்லாத ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை காலம் தாய்மார்கள் பாலில் கலந்து கொடுத்தார்கள்.

அதனால் ஒன்று செய்யுங்கள். சேரும் தேதியைச் சொல்லுமுன் அந்த டப்பா ஒன்றை விலைக்கு வாங்கி உங்கள் குழுவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு சாயங்காலம் மட்டும் உங்கள் விதியை எடுத்துவிடுங்கள். 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பின்பக்கத்தைப் படிக்க வேண்டியது நீங்கள் இல்லை, மற்ற நான்கு பேர். விளம்பரத்தையும் அவர்களே ஓடவிட்டு, அவர்களே கேள்வி கேட்கட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லையோ, அதை எனக்கு எழுதுங்கள்.