சாப்பாட்டு மேஜைக்கு ஃபெல்ட் அலங்காரம்: வாசகிகள் கேட்டதும் நம்ம பதிலும்

கேள்வி: அக்கா, கிறிஸ்மஸ் அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்ல பிரியாணி விருந்து, சொந்தபந்தம் எல்லாம் வருவாங்க. இந்த தடவ டேபிளுக்கு ஃபெல்ட்ல (நெய்யாம நார சிக்க வச்சு செய்யிற கெட்டித் துணி) நானே ஏதாவது தைக்கலாம்னு இருக்கேன். கடையில சாஃப்ட், ஹார்டுன்னு ரெண்டு காட்டுறாங்க. எத வாங்க? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: பூ, இலை மாதிரி மடங்கி நிக்க வேண்டியதுக்கு சாஃப்ட், நட்சத்திரம், பேரு எழுதி வைக்கிற அட்டை மாதிரி விறைப்பா நிக்க வேண்டியதுக்கு ஹார்டு, அவ்ளோதான். ஆனா அதவிட முக்கியமா ஒண்ணு பாக்கணும், அது பாலியஸ்டரா கம்பளியாங்கிறது. நம்ம ஊர்ல ஏ4 சைஸ்ல கட்டுக்கட்டா விக்கிறது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், பூவுக்கு அது தாராளமா போதும், ஆனா சூடு தாங்காது. பிரியாணி அண்டாவ அடுப்புல இருந்து எறக்குன சூட்டோட அதுமேல வச்சா இளகி மேஜையில ஒட்டிக்கும், அதனால சூடான பாத்திரத்துக்கு அடியில மட்டும் அத போடாதீங்க. பாத்திர மேட் தைக்கணும்னா 3 மி.மீ. கனத்துல சுத்தமான கம்பளி ஃபெல்ட்டா கேட்டு வாங்குங்க. வாங்குனது எதுன்னு சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு சின்ன துண்டு வெட்டி, இடுக்கில பிடிச்சு, சிங்க்ல வச்சு கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற வாசனை வந்து, தொட்டா பொடியாகும். பாலியஸ்டர்னா உருகி கெட்டியான மணியா ஆயிடும்.

என்ன தைக்கலாம்னு நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லிடுறேன், நாப்கின் ரிங்ல வைக்க பாயின்செட்டியா பூ தைங்க. டிசம்பர்ல ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனா வேலியோரமா சிவப்பா பூத்துக் கிடக்குமே, அதான். அதுல சிவப்பா தெரியிறது எல்லாம் இதழ் இல்லீங்க, இலைதான், உண்மையான பூ நடுவுல மஞ்சளா குட்டிகுட்டியா இருக்கும். இது தெரிஞ்சா தைக்கிறது சுலபமாயிடும், ஏன்னா ரோஜா மாதிரி உருட்டி உருட்டி வைக்க வேண்டாம், கூரான இலையா வெட்டுனா போதும்.

7 செ.மீ. நீளத்துல 6 சிவப்பு இலை, 5 செ.மீ.ல 5, பச்சையில 2. ஒவ்வொரு இலையிலயும் நடு நரம்பு மாதிரி ஒரு ஷேடு அடர்த்தியான எம்ப்ராய்டரி நூல்ல, 6 இழையில 2 இழை மட்டும் பிரிச்சு எடுத்து, பின் தையல் (பேக் ஸ்டிச்) போடுங்க. போடும்போது நூல லேசா இழுத்துப் பிடிச்சா இலை தானா குழிஞ்சு நிக்கும், அந்த குழிவுதான் பூவுக்கு உயிரு, தட்டையா ஒட்டுனா ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரிதான் தெரியும். அப்புறம் இலையோட அடிப்பக்கத்த ரெண்டு விரலால கிள்ளி மடிச்சு ஒரு தையல், இப்படியே பெரிய இலை எல்லாத்தையும் ஒரே நூல்ல கோத்து இழுத்து வட்டமாக்கி முடிச்சு போட்டுடுங்க, அதுக்கு மேல சின்ன வட்டம், நடுவுல மஞ்சள் பாசி ஏழெட்டு. ரிங்குக்கு 15 செ.மீ.க்கு 3 செ.மீ. பச்சை பட்டை, 1 செ.மீ. மேல மேல வச்சு தைச்சா துணி நாப்கின் சரியா நுழையும்.

கேள்வி: சின்ன இலையெல்லாம் வெட்டும்போது ஓரம் பிசிறு பிசிறா வருது. அயர்ன் பண்ணா சரியாகுமா? (கோவை வாசகி)

பதில்: அயர்ன் பாக்ஸ நேரா வச்சுடாதீங்க, பாலியஸ்டர்னா பளபளன்னு ஆகி சுருங்கிடும். சுருக்கம் எடுக்கணும்னா மேல ஒரு காட்டன் துணி போட்டு, சூட்ட குறைச்சு வச்சு அழுத்துங்க.

ஃபெல்ட் நெசவு துணி இல்லையே, நூல் ஓடி பிரியறதுக்கு அதுல பாவும் ஊடையும் கிடையாது. கம்பளி ரோமத்த சோப்புத் தண்ணில நனைச்சு தேச்சு தேச்சு சிக்க வைக்கிறதுதான் ஃபெல்ட், காஷ்மீர்ல நம்தான்னு விரிப்பு பண்றாங்களே, அதுவும் இதே வேலைதான். பாலியஸ்டர முள்ளு வச்ச ஊசியால குத்தி குத்தி சிக்க வைக்கிறாங்க. அதனால ஓரம் மடிச்சு அடிக்க வேண்டிய தேவையே இல்ல. பிசிறு வருதுன்னா அது கத்திரிக்கோல் விஷயம். பேப்பர் வெட்டுன கத்திரிய இதுக்கு எடுக்காதீங்க. கத்திரி நுனியால கொஞ்சம் கொஞ்சமா கடிக்காம, உள்பக்கத்தால நீளமா ஒரே வெட்டா வெட்டுங்க, வளைவு வந்தா கத்திரிய திருப்பாம துணிய திருப்புங்க. பேட்டர்ன் நகருதுன்னா பேப்பர ஃபெல்ட் மேல வச்சு செலோ டேப் ஒட்டி, டேப்போட சேத்தே வெட்டுங்க, ஓரம் அவ்ளோ நறுக்குன்னு வரும்.

கேள்வி: திருவருகைக்கால வளையம் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயித்துக்கும் ஒவ்வொரு மெழுகுவத்தியா ஏத்துற இலை வளையம்) ஃபெல்ட்ல பண்ணி, நடுவுல மெழுகுவத்தி ஏத்தலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: தயவுசெஞ்சு வேண்டாங்க. நாலு பக்கமும் ஃபெல்ட் இலை, மேல ஃபேன் ஓடும், பிள்ளைங்க எட்டி எட்டி கேக் எடுக்கும். பேட்டரி மெழுகுவத்தி வைங்க, இல்லன்னா மெழுகுவத்தியையே ஃபெல்ட்ல பண்ணிடுங்க, எனக்கு இதுதான் ரொம்ப புடிச்சது. 10 செ.மீ. அகல பட்டைய இறுக்கமா பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி ஓரத்த தைங்க, 3 ஊதா, 1 ரோஸ். மஞ்சள்ல 4 சுடர் வெட்டி தனியா ஒரு கிண்ணத்துல போட்டு வைங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீட்ல ஒரு பிள்ளை ஒரு சுடர எடுத்து சொருகட்டும், ரோஸ் மூணாவது ஞாயித்துக்கு. இந்த வளையத்த 1839ல ஹாம்பர்க்ல விச்சர்ன்னு ஒரு பாதிரியார் தொடங்குனதே, தான் வளத்த பிள்ளைங்க கிறிஸ்மஸ் எப்போ எப்போன்னு கேட்டுக்கிட்டே இருந்ததாலதான். பிள்ளைங்க கையாலயே சுடர் வைக்கிறது அதுக்கு பொருத்தமா இருக்கும்.

கேள்வி: பொங்கலுக்கு இங்க பனி கொட்டும், மாவிலை எங்க போக? ஃபெல்ட்ல தோரணம் தைச்சு மேஜை ஓரத்துல கட்டலாமா? (டொராண்டோ வாசகி)

பதில்: தாராளமா கட்டுங்க. மாவிலை நீளமா தொங்குறதால ஒத்த ஃபெல்ட் சுருண்டுடும், ரெண்டு மடிப்பா வச்சு சுத்தி பிளாங்கெட் ஸ்டிச் (ரெண்டு ஓரத்தையும் சேத்துப் பிடிக்கிற விளிம்புத் தையல்) போடுங்க. ஒரே பச்சையில தைக்காதீங்க, கொழுந்து மாவிலை செம்பு நிறத்துல இருக்குமே, அந்த கலர்ல நடுநடுவுல ஒண்ணு ரெண்டு வந்தா நம்ம வீட்டு மாமரத்து இலைன்னு பாத்ததும் தெரியும். க்ளூ கன் வேண்டாம், மெல்லிசு ஃபெல்ட்ல ஊறி கெட்டியா தட்டும். மேஜை ஓரத்துல வர்ற இலை 12 செ.மீ.க்கு மேல போகாம பாத்துக்கோங்க, உக்காந்தா மடியில இடிக்கக் கூடாது.

கேள்வி: சாம்பார் சிந்திட்டா என்ன பண்ண? அடுத்த வருஷம் வரைக்கும் எப்படி வைக்கிறது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தேய்க்காதீங்க, தேச்சா நார் எழும்பிடும். காஞ்ச துணியால ஒத்தி எடுத்து, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு பச்சத்தண்ணில கலந்து மறுபடி ஒத்துங்க. மஞ்சக்கறை மிச்சம் இருந்தா வெயில்ல வைங்க, மஞ்சள் வெயிலுக்கு நிக்காது, கறை போன உடனே எடுத்துடுங்க, இல்லன்னா சிவப்பும் வெளுக்கும். புதுசா வாங்குன சிவப்பு ஃபெல்ட்ட வெள்ளை விரிப்பு மேல வைக்கிறதுக்கு முன்னாடி ஈரமான வெள்ளைத் துணியால ஒருதடவ அழுத்திப் பாத்துடுங்க, சாயம் போறது தெரிஞ்சிடும்.

எடுத்து வைக்கும்போது பூ மேல பூ அடுக்காம, ஷூ டப்பாவுல ஒரே வரிசையா, இலைக்கு அடியில கசக்குன டிஷ்யூ பேப்பர் வச்சு மூடுங்க. கம்பளியா இருந்தா பூச்சி அரிக்கும், வசம்புத் துண்ட துணியில முடிஞ்சு கூடவே போட்டு வைங்க, பாலியஸ்டருக்கு அது தேவையில்ல.